வால்வு மாற்றிய அம்மாவும் விண்டர்கிரீன் தைலமும்: நாட்டு மருந்தை எங்கே சேர்ப்பது, எங்கே நிறுத்துவது?

குன்னூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருப்பது சுருக்கமாக இது. அம்மாவுக்கு வயது 61. இதய வால்வு மாற்றி நான்கு வருடம் ஆகிறது, ரத்தம் உறையாமல் இளக்கும் அசிட்ரோம் மாத்திரையைத் தினமும் சாப்பிடுகிறார். சர்க்கரைக்கு கிளிமிப்பிரைடு மாத்திரையும் உண்டு. முட்டிவலிக்கு மூன்று மாதமாக இரவில் விண்டர்கிரீன் தைலம் தேய்த்துக் கம்பளித் துணி சுற்றிப் படுக்கிறார். சந்தையில் ஒருவரிடம் வாங்கிய மூலிகைப் பொடி காலையும் மாலையும். போன வாரம் ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் சோதனை எண்) 5.8 வந்திருக்கிறது. "நாட்டு மருந்தையெல்லாம் தூக்கிப் போடுங்க" என்று டாக்டர் சத்தம் போட்டிருக்கிறார். அம்மாவோ, "எங்க பாட்டி காலத்துல இருந்து தேய்க்கிறோம், இலையும் வேரும் என்ன செஞ்சிடும்?" என்று கோபித்துக்கொண்டு டாக்டரிடமே போக மாட்டேன் என்கிறார். யார் சொல்வது சரி? ஹோமியோபதி கொடுக்கலாமா?

தம்பி, மலையில் அரசு மருத்துவமனை மருந்தகத்தில் முப்பது வருடத்துக்கு மேல் மருந்து எடுத்துக் கொடுத்தவள் நான். வீட்டில் என் அம்மாவும் தைலம் காய்ச்சியவர், கஷாயம் வைத்தவர். அதனால் இரண்டு பக்கத்துக் கோபமும் எனக்குப் புரியும். வாதத்தை அப்புறம் பார்ப்போம், முதலில் அம்மாவின் உடம்பு.

வால்வின் வகையையும் அது இருக்கும் இடத்தையும் பொறுத்து ஐ.என்.ஆர். பெரும்பாலும் 2க்கும் 3.5க்கும் நடுவில் இருக்க வேண்டும். 5.8 என்றால் ரத்தம் தேவைக்கு மேல் இளகிவிட்டது என்று அர்த்தம். அசிட்ரோமை ஒன்றிரண்டு வேளை நிறுத்திவைக்கச் சொல்லியிருப்பார்கள். எந்த நாளில் மறுபடி ஆரம்பிக்கச் சொன்னார்களோ அந்த நாளில் ஆரம்பித்தே ஆக வேண்டும். பயந்துபோய் ஒரேயடியாக விட்டுவிட்டால் வால்வில் ரத்தம் உறைந்து பக்கவாதம் வரும். பல் ஈறில் ரத்தம், மூக்கில் நிற்காத ரத்தம், சிறுநீர் சிவப்பு, மலம் தார் மாதிரி கருப்பு, திடீர் கடும் தலைவலி, தலையில் அடிபடுதல் - இதில் எது நடந்தாலும் மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். 108ஐக் கூப்பிடுங்கள்.

இப்போது தைலம். ஊட்டிக் கடைகளில் நீலகிரித் தைலத்துக்குப் பக்கத்திலேயே விண்டர்கிரீன் பாட்டிலும் இருக்கும். வாங்குகிறவர்கள் இரண்டையும் ஒன்றாகவே நினைக்கிறார்கள். ஆனால் இவை வேறு வேறு. நீலகிரித் தைலம் நாம் கற்பூர மரம் என்று சொல்லும் யூகலிப்டஸ் இலையைக் காய்ச்சி எடுப்பது. அந்த மரம் 1840களில் ஆஸ்திரேலியாவிலிருந்து இந்த மலைக்கு வந்தது. பாட்டி காலத்து மருந்துதான், ஆனால் பாட்டிக்குப் பாட்டிக்கு அது தெரிந்திருக்காது. விண்டர்கிரீன் என்பது சோலை ஓரத்தில் வளரும் கோல்தேரியாச் செடியின் எண்ணெய். அதில் ஏறக்குறைய முழுவதும் மெதில் சாலிசிலேட்தான். தோலுக்குள் போனதும் அது ஆஸ்பிரின் குடும்பத்துச் சாலிசிலேட்டாக மாறும். முட்டிவலி குறைவது பிரமை இல்லை, அம்மா பொய் சொல்லவில்லை. ஆனால் வலியைக் குறைக்கும் அதே பொருள்தான் ரத்தத்திலும் கலக்கிறது. நிறைய ஊற்றி, அகலமாகத் தேய்த்து, மேலே கம்பளி சுற்றி, சூடும் கொடுத்தால் தோல் உறிஞ்சும் அளவு ஏறும். ரத்தம் இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இப்படித் தேய்த்து ஐ.என்.ஆர். எகிறியதை மருத்துவ இதழ்கள் பலமுறை பதிவு செய்திருக்கின்றன. கடையில் விற்கும் வலி பாம் பலவற்றிலும் இதே மெதில் சாலிசிலேட் இருக்கிறது. டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள்.

வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் அந்தப் பாட்டிலை இன்றைக்கே மேல் அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள். ஒரு டீஸ்பூன் விண்டர்கிரீன் எண்ணெய் 20க்கு மேற்பட்ட ஆஸ்பிரின் மாத்திரைக்குச் சமம், ஒரு குழந்தையின் உயிரை எடுக்க அது போதும். நீலகிரித் தைலத்தை நெஞ்சுச் சளிக்கு ரெண்டு சொட்டு நாக்கில் விடும் பழக்கமும் சில வீடுகளில் இருக்கிறது. விடவே கூடாது. உள்ளே போனால் குழந்தைக்கு வலிப்பு வரும். இருமல் மருந்து என்று நினைத்துத் தைலத்தை ஊற்றிக் கொடுத்துவிட்டு, விறைத்துப்போன பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்த ஒரு தகப்பனை நான் பார்த்திருக்கிறேன். பிள்ளை பிழைத்தது. அந்த மனுஷன் வராந்தாவில் உட்கார்ந்து அழுத அழுகை இன்னும் காதில் இருக்கிறது. இப்படி ஆனால் வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். பாட்டிலையும் கையில் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

அடுத்து பொடி. தைலத்தைவிட எனக்கு இதில்தான் பயம். தைலத்தில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும், பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று விற்றவரைத் தவிர யாருக்கும் தெரியாது. சில சமயம் விற்றவருக்கே தெரியாது. சாப்பிட ஆரம்பித்து எத்தனை நாளில் வலி விட்டது என்று அம்மாவிடம் கேளுங்கள். "மூணே நாள்ல எழுந்து நடந்தேன்" என்று சொன்னால் சந்தேகப்படுங்கள். வேரும் பட்டையும் மூட்டுத் தேய்மான வலியில் அவ்வளவு வேகமாக வேலை செய்வது அரிது. ஸ்டீராய்டு மாத்திரையையோ டைக்ளோபெனாக் என்ற வலி மாத்திரையையோ இடித்துக் கலந்த பொடி அப்படி வேலை செய்யும். பசி அதிகமாகிறது, முகம் உப்பிப் பளபளக்கிறது, சர்க்கரை காரணமில்லாமல் ஏறுகிறது, லேசாகத் தட்டினாலும் தோல் கன்றிப்போகிறது என்றால் சந்தேகம் இன்னும் பலப்படும்.

டாக்டர் சத்தம் போட்டபோது ஒரு விஷயம் விட்டுப்போயிருக்கலாம். அந்தப் பொடியை மூன்று மாதமாகச் சாப்பிட்டார் என்று அவரிடம் சொன்னீர்களா? அதில் ஸ்டீராய்டு இருந்தால், இத்தனை நாள் வெளியிலிருந்து வந்துகொண்டிருந்ததால் உடம்பு தானே சுரப்பதைக் குறைத்திருக்கும். திடீரென்று நிறுத்தினால் ஒரே அசதி, வாந்தி, தலைசுற்றல், ரத்த அழுத்தம் இறங்குதல் என்று வந்து ஆள் மயங்கிவிழும் நிலைகூட வரலாம். அதற்காகப் பொடியைத் தொடர வேண்டாம். எத்தனை நாள், ஒரு நாளைக்கு எவ்வளவு என்று டாக்டரிடம் இன்றே சொல்லுங்கள், மிச்சம் இருக்கும் பொட்டலத்தையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். ஸ்டீராய்டாக இருக்கலாம் என்று தோன்றினால் அளவாகக் கொடுத்துப் படிப்படியாகக் குறைக்கும் வழி அவர்களுக்குத் தெரியும். டைக்ளோபெனாக் கலந்திருந்தால், அசிட்ரோமோடு சேர்ந்து வயிற்றில் ரத்தக் கசிவு உண்டாக்கும். "மலம் கருப்பா போச்சா?" என்று அம்மாவிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்.

இதைப் படித்துவிட்டுச் சித்த மருத்துவமே இப்படித்தான் என்று யாரும் நினைக்கக் கூடாது. சந்தைப் பொட்டலம் சித்த மருந்து ஆகாது. முறையான சித்த மருந்தின் லேபிளில் தயாரித்தவர் பெயர், முகவரி, உரிம எண், பேட்ச் எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி, சேர்த்த சரக்குகளின் பெயரும் அளவும் எல்லாம் இருக்கும். நச்சுச் சரக்குகள் என்று சட்டம் பட்டியலிட்டவை சேர்ந்திருந்தால் மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே சாப்பிட வேண்டும் என்ற எச்சரிக்கையும் அச்சாகியிருக்க வேண்டும். அரசு மருத்துவமனைகளிலேயே சித்தப் பிரிவு இருக்கிறது. அங்கே உட்கார்ந்திருப்பவர் ஐந்தரை வருடம் பி.எஸ்.எம்.எஸ். படித்து, பதிவு எண் வாங்கியவர். மூட்டுவலிக்கு நாட்டு மருந்துதான் வேண்டும் என்று அம்மா பிடிவாதம் பிடித்தால் அங்கே கூட்டிப்போங்கள். முதல் வார்த்தையாக "வால்வு மாத்தியிருக்கு, அசிட்ரோம் சாப்பிடறாங்க" என்று சொல்லுங்கள். நல்ல சித்த மருத்துவர் அதைக் கேட்டதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு யோசிப்பார்.

"சர்க்கரையை வேரோடு அறுக்கிறோம்", "கேன்சருக்கு உத்தரவாதம்" என்று பஸ் ஸ்டாண்டு சுவரில் ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சர்க்கரை, புற்றுநோய், வலிப்பு, பக்கவாதம் உட்பட ஒரு பெரிய பட்டியல் நோய்களைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதே 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அந்தச் சுவரொட்டி ஒட்டியவர் முதல் வரியிலேயே சட்டத்தை மீறியவர். அவர் கொடுக்கும் பொடியை நம்பி எப்படி வாயில் போடுவது?

உலோகம் சேர்ந்த மருந்துகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. "வேர் பாரு, தழை பாரு, மிஞ்சினக்கால் மெல்ல மெல்லப் பற்பம் செந்தூரம் பாரே" என்பது சித்தர் வழி வந்த சொல். அதில் "மெல்ல மெல்ல" என்ற இரண்டு வார்த்தையை மறந்துவிடுகிறோம். பற்பமும் செந்தூரமும் பாதரசம், ஈயம், ஆர்சனிக் சேர்ந்த தாளகம் போன்றவற்றைச் சுத்தி செய்து, புடமிட்டுச் செய்பவை. செய்முறை தவறினால் அது விஷம்தான். 2004இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்ததில் 14இல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. கர்ப்பிணிகளும் குழந்தைகளும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் இவற்றின் பக்கமே போக வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

"இலையும் வேரும் என்ன செஞ்சிடும்?" என்று அம்மா கேட்டாரே, அதற்கு இந்த மலையே பதில் சொல்லும். நடுவட்டம் பக்கம் போயிருக்கிறீர்களா? 1860களில் மெக்ஐவர் என்ற தோட்டக் கண்காணிப்பாளரின் பொறுப்பில் தொட்டபெட்டாச் சரிவிலும் நடுவட்டத்திலும் சிங்கோனா நட்டார்கள். மலேரியாவை அடக்கிய பட்டை. ஆனால் ஒரு மரத்துப் பட்டையில் இருக்கும் சத்து இன்னொரு மரத்தில் இருக்காது. 1866இல் சென்னை மாகாணத்தில் ஒரு குழு அமைத்து, பட்டையிலிருந்து பிரித்த நான்கு சத்துகளையும் காய்ச்சல் நோயாளிகளுக்குத் தனித்தனியே கொடுத்துப் பார்த்தார்கள். நடுவட்டத்திலேயே குயினின் ஆலை வந்தது. சத்தைப் பிரித்து எடை போட்ட பிறகுதான், இந்த நோயாளிக்கு இவ்வளவு என்று நிச்சயமாகச் சொல்ல முடிந்தது. அதே பட்டைதான், அளவு தெரிந்த பட்டை. மலையடிவாரத்தில் வேலியில் பூக்கும் செங்காந்தளும் அப்படியே. அதன் கண்வலிக்கிழங்கில் உள்ள கோல்சிசின், கௌட் என்ற மூட்டு வீக்க வலிக்கு அரை மில்லிகிராம் மாத்திரையாக வருகிறது. கிழங்கையே தின்று செத்தவர்களும் உண்டு. இலையும் வேரும் செய்யும் அம்மா, நிறையவே செய்யும். அதனால்தான் அது மருந்து.

அம்மாவுக்குச் சர்க்கரையும் இருப்பதால் இன்னொன்று. சிறுகுறிஞ்சான், வெந்தயம், பாகற்காய்ச் சாறு இவையெல்லாம் சர்க்கரையைக் கொஞ்சம் இறக்கும். கிளிமிப்பிரைடும் இறக்கும். இரண்டும் ஒரே காலையில் சேர்ந்து, சாப்பாடும் தாமதமானால் வேர்த்துக் கொட்டிக் கை நடுங்கும். குழம்பில் வெந்தயம், வாரம் ஒருநாள் பாகற்காய்ப் பொரியல் - இதற்கெல்லாம் பயப்பட வேண்டாம். சாறும் சூரணமும் தினமும் குடிப்பதுதான் கணக்கில் சேரும். இருமலுக்கு அதிமதுரம் ரெண்டு நாள் வாயில் அடக்குவது சரி. மாதக் கணக்கில் கஷாயம் வைத்துக் குடித்தால் ரத்த அழுத்தம் ஏறும், உடம்பில் பொட்டாசியம் குறையும். இதய நோயாளிக்கு அது ஆபத்து. சீந்தில் கொடி, அஸ்வகந்தா, மஞ்சள் சத்து மாத்திரை இவற்றால் சிலருக்குக் கல்லீரல் வீங்கி மஞ்சள் காமாலை வந்தது பதிவாகியிருக்கிறது. மஞ்சள் காமாலைக்கே சீந்தில் கொடுக்கிற ஊர் நம் ஊர், அதனால் சொல்கிறேன். பாம்புக்கடிக்குக் கொடுக்கும் ஈஸ்வரமூலியிலும் ஆடுதீண்டாப்பாளையிலும் உள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயும் உண்டாக்கும். பாம்பு கடித்தால் விஷமுறிவு ஊசிதான், வேறு பேச்சே இல்லை.

ரத்தம் இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அட்டை விடுவதும் ரத்தம் எடுக்கும் கப்பிங்கும் கூடாது. அட்டையின் எச்சிலிலேயே ரத்தத்தை உறையவிடாத பொருள் இருக்கிறது. மழைக்காலத்தில் கூடலூர்ப் பக்கம் நடந்து அட்டை கடித்தவர்களுக்கு அந்த ரத்தம் எவ்வளவு நேரம் நிற்காமல் வழியும் என்று தெரியும். அழுத்தித் தேய்க்கும் மசாஜ், வர்மம், எலும்பு வைத்தியர் கட்டு ஆகியவையும் இப்போதைக்கு வேண்டாம். எலும்புக் கட்டைப் பற்றிப் பொதுவாகவே ஒன்று சொல்ல வேண்டும், தேயிலைத் தோட்டத்தில் சரிவில் வழுக்கிக் கை முறிந்தவர்கள் நேராகக் கட்டு வைத்தியரிடம் போவது இன்னும் நடக்கிறது. கட்டுப் போட்ட பிறகு விரல் மரத்தாலோ, நீலம் பாய்ந்தாலோ, விரலை நீட்டினால் உயிர் போகிற வலி வந்தாலோ கட்டை உடனே அவிழ்க்க வேண்டும். "ராத்திரி கழியட்டும்" என்று பொறுத்ததால் கையையே இழந்த ஒரு பெண்ணுக்கு நான் மாதாமாதம் மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ஹோமியோபதி பற்றியும் கேட்டிருந்தீர்கள். அதிகம் நீர்த்த உருண்டைகள் அசிட்ரோமோடு மோதாது, வலியையும் பெரிதாகக் குறைக்காது. தாய்த் திரவம் என்று பாட்டிலில் வருவது வேறு, அதில் மூலிகைச் சத்தும் சாராயமும் இருக்கும். அது வேண்டாம்.

ஒரே மருந்தை இரண்டு விதமாக எடுத்துக்கொள்ளலாம். மருத்துவரின் சிகிச்சையோடு சேர்த்துக்கொண்டால் அது நிரப்பு மருத்துவம். அந்தச் சிகிச்சையை விட்டுவிட்டு இதை மட்டும் பிடித்துக்கொண்டால் மாற்று மருத்துவம். புற்றுநோய்க்குக் கீமோ எடுக்கும்போது வரும் குமட்டலுக்கு இஞ்சி, தூக்கத்துக்கு யோகா, முதுகுவலிக்கு ஆசனம் - இவை நிரப்பு. கீமோவையே விட்டுவிட்டுக் கஷாயம் குடிப்பது மாற்று. குணப்படுத்தக்கூடிய நிலையில் இருந்தும் மாற்று மருத்துவத்தை மட்டும் நம்பிய புற்றுநோயாளிகளை அமெரிக்காவில் ஆராய்ந்து 2018இல் வெளியிட்டார்கள். வழக்கமான சிகிச்சை எடுத்தவர்களைவிட அவர்கள் இறக்கும் வாய்ப்பு இரண்டரை மடங்கு, மார்பகப் புற்றுநோயில் ஐந்து மடங்குக்கும் மேல். மூலிகை அவர்களைக் கொல்லவில்லை. கைவிட்ட சிகிச்சைதான் கொன்றது. கூடலூர், பந்தலூர் பக்கம் பழங்குடிப் பிள்ளைகளுக்கு இருக்கும் அரிவாள் செல் ரத்தசோகையிலும் இதேதான். தங்கள் வைத்தியரிடம் அவர்களுக்கு இருக்கும் நம்பிக்கையை நான் மதிக்கிறேன். ஆனால் காய்ச்சலோடு நெஞ்சுவலியும் மூச்சுத்திணறலும் வந்த பிள்ளையை ஒரு மணி நேரம்கூட வீட்டில் வைத்திருக்கக் கூடாது.

இனி அம்மாவிடம் எப்படிப் பேசுவது? "நாட்டு மருந்து தப்பு" என்று ஆரம்பித்தால் அவர் காதைப் பொத்திக்கொள்வார், நியாயமும்கூட. பத்தியம் என்ற வார்த்தையிலிருந்து ஆரம்பியுங்கள். வைத்தியர் மருந்து கொடுத்தால் புளி ஆகாது, கத்தரிக்காய் ஆகாது, கருவாடு ஆகாது என்று பத்தியம் சொல்வார். அம்மா அதைக் கேள்வி கேட்காமல் இருந்திருப்பார். ஒன்றோடு ஒன்று சேரக்கூடாது என்ற அறிவு நம் வைத்தியத்திலேயே இருக்கிறது. அசிட்ரோமுக்கும் பத்தியம் உண்டு. மெதில் சாலிசிலேட் ஆகாது, பெயர் தெரியாத பொடி ஆகாது, டாக்டர் சொல்லாமல் வலி மாத்திரை ஆகாது. கீரையும் முட்டைகோசும் சாப்பிடலாம், ஆனால் ஒரு வாரம் குவித்துத் தின்று அடுத்த வாரம் தொடாமல் இருப்பது ஆகாது, வாரா வாரம் ஏறக்குறைய ஒரே அளவு வேண்டும். இங்கிலீஷ் மருந்துக்குப் பத்தியமே கிடையாது என்று யாரோ நம் ஜனங்களுக்குச் சொல்லிவைத்துவிட்டார்கள். மருந்தகக் கவுன்டரில் நின்ற நாங்களும் கூட்டத்தைக் கழிக்கும் அவசரத்தில் அதை எடுத்துச் சொல்லவில்லை. அந்தக் குற்றத்தில் எங்களுக்கும் பங்கு உண்டு.

தைலத்தைப் பிடுங்கினால் முட்டிவலிக்கு வேறு வழி காட்ட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த வாரம் பாட்டில் தலையணைக்கு அடியில் இருக்கும். வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றிக் கால் மணி நேரம் ஒத்தடம் கொடுக்கலாம். சர்க்கரை இருப்பதால் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம், சூட்டை உங்கள் கையில் பார்த்துவிட்டு வையுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டிப் பத்து எண்ணும்வரை பிடித்து இறக்குவது, ஒரு காலுக்குப் பத்து முறை, காலையும் மாலையும். தொடைத் தசை பலப்பட்டால் முட்டியின் சுமை குறையும். முழுப் பலன் தெரிய ஆறு எட்டு வாரம் ஆகும். நம் ஊர்ப் படியிலும் ஏற்றத்திலும் நடக்கக் கைத்தடி வேண்டும், வலிக்கும் முட்டிக்கு எதிர்ப் பக்கக் கையில். தேய்த்தால்தான் தூக்கம் வரும் என்றால் வெறும் தேங்காய் எண்ணெயை வெதுவெதுப்பாக்கி மெல்லத் தடவிவிடுங்கள், ஐ.என்.ஆர். இறங்கும்வரை அழுத்த வேண்டாம். நீங்களே தடவிவிட்டால் பாதி வலி அதிலேயே போகும். பாராசிட்டமால் வேண்டுமானால் டாக்டரிடம் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். தினமும் நிறைய சாப்பிட்டால் அதுவும் ஐ.என்.ஆரை ஏற்றும்.

அடுத்த ஐ.என்.ஆர். சோதனைக்குப் போகும்போது ஒரு துணிப்பையில் அம்மா வாயில் போடுவது, மேலே தடவுவது எல்லாவற்றையும் எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். மாத்திரை அட்டை, தைல பாட்டில், பாம் டப்பா, பொட்டலம், சத்து மாவு, சூரணம் எதையும் விடாமல். டாக்டர் மேஜையில் அப்படியே கவிழ்த்துவிடுங்கள். முன்பு சத்தம் போட்டவர்தான் என்று தயங்க வேண்டாம். 5.8ஐப் பார்த்துப் பயந்து போட்ட சத்தம் அது. அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள், பொடி சாப்பிட்ட கதையை அவரே சொல்லட்டும்.